நிரப்பும் நேரம்

சந்தைக்கு மறுநாள், கூட்டம் குறைவு.
அஞ்செட்டியில் மழை இறங்கப்போகும் சாயங்காலம்.
சாரலுக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம்.
முனிரத்தினத்துக்கு அரைக்கிலோ சர்க்கரை
கட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வெடியை லாரி டயர் என்று நினைத்தேன்.
பிறகு எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்,
டயர் என்று, டிரான்ஸ்ஃபார்மர் என்று,
கல்யாண வீட்டுப் பட்டாசு என்று.
சீனப்பா முதலாளி எதுவும் சொல்லவில்லை.
எண்ணிக்கொண்டிருந்த பத்து ரூபாய்த் தாள்களின் மேல்
கவிழ்ந்து கிடந்தார்.
எண்ணெய் டின் பக்கம் கெம்பம்மா உட்கார்ந்திருந்தாள்.
உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அது நாட்டுத் துப்பாக்கி.
பன்றிக்கு, ராகிக் கொல்லைக் காவலுக்கு என்று
பரணில் கிடப்பது.
வெடித்தால் கைப்பிடி பால்ரஸ் சிதறும்.
ஒரே ஒரு வெடி.
அதற்குப் பிறகு அது வெறும் குழாய்,
மறுபடி நிரப்பி இடிக்கும்வரை.

அவன் இடித்தான்.

பருப்பு மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவே
துப்பாக்கியை நட்டு நிறுத்தி
கம்பியால் இடித்தான்,
பல்லில்லாதவருக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பவன் போல
அவசரமில்லாமல்.

இதைத்தான் இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார்.
"எவ்வளவு நேரம்யா இருக்கும்?"

ஐயா, நான் எடை போடுகிறவன்.
மிளகாயை அள்ளினால் நூறா நூற்றிருபதா
கை சொல்லிவிடும்.
புளியில் கொட்டை எத்தனை பங்கு என்று சொல்வேன்.
நேரம் எனக்குத் தெரியாது.
தெரிந்தது இதுதான்:
சர்க்கரைப் பொட்டலத்துக்கு நாலு சுற்று நூல் போதும்.
கண்டு தீரும்வரை சுற்றினேன்.

கதவுக்கு முட்டுக்கொடுக்கும் பழைய எடைக்கல்,
இரண்டு கிலோ, என் காலடியில் கிடந்தது.
அவன் முதுகு மூன்று முழ தூரம்.
இதை நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை.
அவர் கேட்கவும் இல்லை.

ரீசார்ஜுக்கு வந்த பாலிடெக்னிக் பையன் ஹரிபிரகாஷ்
ஒருத்தன்தான் அசைந்தான்.
"அண்ணா, வேணாண்ணா" என்றான்.
தலை நிமிர்ந்தது.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
ஒரு பார்வை.
பிறகு கம்பியை உருவிக் கீழே போட்டான்.
சிமெண்டுத் தரையில் அது உருண்ட சத்தம்,
இரண்டாவது வெடியைவிட அதுதான்
எனக்கு இன்னும் கேட்கிறது.

ஏன் செய்தான் என்கிறார்கள்.
வரப்புத் தகராறு என்றது ஒரு பேப்பர்.
கடன் என்றது இன்னொன்று.
நோட்டை எடுத்துப் பார்த்தேன்.
அவன் பக்கத்தில் இருநூற்றுப் பத்து ரூபாய்:
பீடி, சவுக்காரம், பிள்ளைக்கு ரஸ்க்.
முந்தின வாரம் எண்ணெய் டின் இறக்கும்போது
தானாக வந்து தோள் கொடுத்தவன்.
அதற்கு நான் ஒரு டீ வாங்கித் தந்தேன்.

முதல் வெடிக்கு இரண்டு பேர்.
அது அவன் கணக்கு.
இரண்டாவதற்கு முனிரத்தினமும் பையனும்.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மகஜர் எழுதிய ஏட்டு
பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சர்க்கரை தெரியவில்லை, முழுக்க நூல்.
"என்னய்யா இது?"
சர்க்கரைங்க.
அதையும் எழுதிக்கொண்டார்.

கடையை இப்போது முதலாளியம்மா பார்க்கிறார்.
மூட்டைகளையெல்லாம் கொட்டிச் சலித்துவிட்டோம்.
அப்படியும் ஆடி மாதம்
கோட்டையூர்க்காரி ஒருத்தி வந்தாள்.
துவரம்பருப்பில் கல் பொறுக்கும்போது கிடைத்ததாம்.
மேஜைமேல் வைத்தாள், மிளகளவு, பளபளவென்று.
திட்டவில்லை. பருப்பை மாற்றித் தரச் சொல்லவில்லை.
குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பழக்கம்தான், எடுத்துத் தராசில் வைத்தேன்.
பூஜ்யம்.
தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.

அடுத்து நின்றவர் சர்க்கரை கேட்டார்.
கவரில் போட்டுக் கொடுத்தேன்.
நாங்கள் இப்போது நூல் வாங்குவதில்லை.