முக்கால்

பம்பின் வாய் முக்கால் அங்குலம்.
அப்படியானால் குழாயும் முக்கால் என்றான் ஓர்வில்.
வாஷிங் மெஷினுக்கு வாங்கியதில் மிச்சம்
முப்பதடி கிடந்தது கராஜில்.
காசு கொடுத்ததைச் சும்மா கிடத்திவைப்பது
அவன் வம்சத்திலேயே இல்லை.

மார்லிஸ் மீனுக்கு இறால் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.

தொட்டி மேலே, ஏரி பார்த்த ஜன்னலடியில்.
சம்ப் கீழே, நிலவறையில்,
கொதிகலனுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவே.
இடையில் பதினோரு அடி.
துலூத்தில் அது ஜனவரி.
சுப்பீரியர் ஏரி கரையோரம் கல்லாகிக் கிடக்க
வீட்டுக்குள் ஒரு துண்டு வெப்பக் கடலை
இரவு பகலாக மாடியேற்ற வேண்டும்.

ஒட்டினான். ஊதா ப்ரைமர்
நகக்கண்ணில் ஒரு வாரம் நின்றது.
ஏழு எல்போ.
காற்றுக்குழாயைச் சுற்ற இரண்டு, உத்தரத்துக்கு நான்கு,
கடைசி ஒன்று
அவன் அளவு தப்பியதற்கு.

பொத்தானை அழுத்தியதும்
முக்காலில் முக்கியது மோட்டார்.
முக்காலின் துணைக்காலை எடுத்துவிட்டால் முக்கல்.
இந்த எழுத்துக்கணக்கு
அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.
சத்தம் தெரிந்தது.
தூக்கத்தில் பல் நெரிப்பவன் மாதிரி
சுவருக்குள் விடிய விடிய.

மார்லிஸ் ஒரு வாளி எடுத்தாள்.
பெயின்ட் வந்த வாளி, ஐந்து காலன்.
சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்தாள்.
நாற்பத்தைந்து நொடி.
அட்டைப்பெட்டி சொன்னதோ பதினைந்து.

பியர் ஆலையில் குழாய் கழுவிய
ஒன்பது வருடம் அவளுக்குப் பதில் சொன்னது.
ஏற்றம் தின்றது கொஞ்சம், அது நியாயம்.
பதினோரு அடி எந்தக் குழாயிலும் பதினோரு அடிதான்.
மற்றதைத் தின்றது சுவர்.
ஒடுங்கிய வழியில் அவசரப்பட்ட தண்ணீர்
உரசி உரசி
கொண்டுவந்ததை வழியிலேயே செலவழித்துவிட்டு
வெறுங்கையோடு மேலே வந்தது.
எல்போ ஒவ்வொன்றும்
ஒளித்துவைத்த இரண்டடிக் குழாய்.

கடையில் ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை.
ஒவ்வொன்றிலும் கட்டைவிரலை விட்டுப் பார்த்தாள்.
ஒன்றேகாலில் விரல் இருந்தது.
ஒன்றரையில் திரும்பிப் படுத்தது.
இந்தச் சுண்டெலிக்கா இவ்வளவு பெரிய வளை
என்றான் கல்லாவில் இருந்த லெனார்ட்.
வளை எலிக்கில்லை, தண்ணீருக்கு
என்று பில்லை வாங்கிக்கொண்டாள்.

பம்பின் வாயை விட்டதுமே விரித்தாள்.
ஏழு எல்போவில் ஐந்தை ஒழித்தாள்.
மிஞ்சிய இரண்டும் பாதி வளைவு.
வாளி இருபத்தாறு நொடியில் நிறைந்தது.
வீடு அமைதியானது.
முதல் இரவு ஓர்வில் இரண்டு தடவை எழுந்துபோய்
ஓடுகிறதா என்று குழாயில் கைவைத்துப் பார்த்தான்.

இத்தோடு முடித்திருக்கலாம்.

பிப்ரவரியில் ஒரு நாள் பனி கனத்து மின்கம்பி அறுந்தது.
ஓர்வில் ஊர்ச்சாலையில் பனி தள்ளிக்கொண்டிருந்தான்.
பம்பு நின்ற கணத்தில்
ஏறிய வழியிலேயே இறங்கத் தொடங்கியது கடல்.
குழாயில் நின்றது ஒரு காலன், அதை அவள் எண்ணியிருந்தாள்.
நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே முங்கியிருந்த மூக்கை
எண்ணவில்லை.
மூக்கு வெளியே தெரியும்வரை
தொட்டி தன்னைத் தானே உறிஞ்சி
அகன்ற வழியாக,
உரசலே இல்லாமல்,
அவள் கொடுத்த அத்தனை தாராளத்தோடும்
கீழே வந்தது.

நாலு மணிக்கு டார்ச்சோடு படியிறங்கியவன்
கணுக்கால் நனைய நின்றான்.
பனிச்சறுக்குக் கட்டைகள் உப்பில் மிதந்தன.
மார்லிஸ் கடைசிப் படியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.
முக்காலாக இருந்தால், என்று தொடங்கினான்.
மெதுவாக வந்திருக்கும், என்றாள்.
வந்திருக்கும்.

பிறகு இருவரும் துடைப்பம் எடுத்தார்கள்.

காலையில் மூக்குக்குச் சற்று மேலே,
நீர்மட்டத்தின் விளிம்பில்,
கடுகளவு ஒரு துளை போட்டாள்.
மட்டம் இறங்கினால் துளை காற்றை உறிஞ்சும்,
கடல் பாதியில் நிற்கும்.
மற்ற நேரமெல்லாம் அதிலிருந்து
நூல் மாதிரி ஒரு பீய்ச்சல்.
கஞ்சத்தனமான நீல மீன் ஒன்று
அதைத் தனதென்று எடுத்துக்கொண்டு
நாள் முழுக்க எதிர்த்து நீந்துகிறது.

முக்கால் குழாய்
இப்போது தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது,
சிவப்புத் துணி கட்டி.
பனிவண்டி ஓட்டுகிறவனுக்கு
வழி தெரிய.