வார் அறுந்த ஞாயிறு

காக்கி புக்கிட் தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
ஞாயிறுதோறும் இரும்பு உடுத்துகிறோம்.
முப்பத்து மூன்று டிகிரியில்
பதினான்காம் நூற்றாண்டு
கழுத்துவழி வழிகிறது.

விழுந்தவரை வெட்டாதே.
வாள் நழுவினால் பொறு.
சட்டம் அவ்வளவுதான்.

இன்று என் தலைக்கவசத்தின் வார் அறுந்தது.
ஓங்கிய வாளை அந்தரத்தில் நிறுத்திய ஹைருல்,
"அசையாதே பூங்கோதை" என்று
தன் காலணிக் கயிற்றை உருவி
முடிச்சிட்டுத் தந்தார்.
அதன் பிறகு அடித்தார் பாருங்கள்!
தோள் கன்றிப்போயிருக்கிறது.
முதுகில் இல்லை, அது போதும்.

இரவு, உணவங்காடியில் நெரிசல்.
காலியாய் ஒரே ஒரு மேசை.
அதன் நடுவே
யாரோ வைத்துப்போன டிஷ்யூ பொட்டலம்.

தட்டில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருக்க,
தோளில் கவசப் பை கனக்க,
வாளெடுத்த இருவரும்
நின்றுகொண்டே இருந்தோம்.