மஞ்சள் ஒட்டு

"எதைச் சுடப்போறீங்க?" என்றார்
விசாரணைக்கு வந்த ஏட்டு.
காகிதத்தை என்றேன்.
பேனாவை மூடிவிட்டு மறுபடி கேட்டார்.
ஜவளகிரிக் காட்டிலிருந்து
ராகிக் கொல்லைக்கு யானை இறங்கும் மாதம் அது.
காகிதத்தைத்தான் சார்.
ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் காகிதத்தை,
அதன் நடுவே ஒரு பொட்டை.
எழுதிக்கொண்டார், நம்பாமல்.

உரிமம் என் பெயரில். சுடுகிறவள் சைத்ரா,
அண்ணன் மகள், பதினைந்து முடிந்து ஒரு மாதம்.
கிளப் துப்பாக்கிக்கு வரிசையில் நின்று நின்று
ஞாயிற்றுக்கிழமைகள் தீர்கின்றன அவளுக்கு.
அந்தக் காசுக்கு ஸ்கூட்டி வரும் என்றான் அண்ணன்.
நாலு சவரன் வரும் என்றாள் அண்ணி.
என் பி.எஃப். காசு என்றேன்.
அப்புறம் ரசம் மட்டும் பரிமாறப்பட்டது.

பதினெட்டு வருடமாக ஓசூர் சிப்காட்டில்
துளைகளைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.
பம்புக்குப் போகும் துளை, பிரேக்குக்குப் போகும் துளை.
போகவேண்டிய கேஜ் போனால் பச்சை ஒட்டு.
போகக்கூடாத கேஜ் போனால் சிவப்பு.
எனக்கா ஒரு குழலைப் பார்க்கத் தெரியாது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
ஒரு பல் மருத்துவர் வீட்டு முன்னறை.
மேசைமேல் கம்பளி, கம்பளிமேல் இரண்டு.
ஒன்று பெட்டி வாசனை போகாதது, கறுப்புப் பளபளப்பு.
மற்றது வால்நட் கட்டை,
கன்னம் படும் இடத்தில்
யாரோ ஒருவருடைய பத்து வருட வியர்வை.

போல்ட்டைக் கழற்றி
அறை காலி என்று விரல் விட்டுக் காட்டினார்.
நானும் விட்டுப் பார்த்தேன். சைத்ராவும்.
மூன்று பேர் பார்த்தால்தான் காலி, காலி.

ஜன்னலில் கோட்டைமலைப் பாறை வெயிலில் கிடந்தது.
அந்த வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்தேன்.
உள்ளே வரிகள் சுற்றிச் சுற்றிப் போயின,
துரு இல்லை, ஈயப் படிவு இல்லை,
இரண்டிலும்.
ஆனால் பளபளப்பின் வாய் விளிம்பில்
நகம் ஒருமுறை தடுக்கியது.
முடி பிளந்த அளவு.
குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது.
சிவப்பு ஒட்டு, மனதுக்குள்.

வால்நட் அவளுக்கு நீளம்.
அடித்தட்டிலிருந்து இரண்டு வில்லை கழற்றினார்,
முழங்கை மடிப்புக்கும் விரலுக்கும் சரியாக வந்தது.
எடை? ஐந்து கிலோ அரிசிப் பை என்றாள் சைத்ரா,
தூக்காதவளா நான்.
ஒரு வெற்று உறையைக் கையில் கொடுத்தார்.
வேப்பங்கொட்டையைவிடச் சற்று நீளம்.
நடுவில் அடியே இல்லை,
ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம்.
"இதுக்கு விளிம்புல தட்டினா போதும்மா."
அவள் அதை உதட்டில் வைத்து ஊதினாள்.
விசில் வந்தது.

முன்பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
"கண்ணு பார்த்தீங்களா?" என்றார்.
கண்ணாடி போட்டிருக்கிறாளே என்றேன்.
அதில்லை.
இரண்டு கையையும் நீட்டி, நடுவில் ஓட்டை விட்டு,
காலண்டரில் தேதியைப் பார்க்கச் சொன்னார்.
வலக்கண்ணை மூடு. தேதி அங்கேயே இருந்தது.
இடக்கண்ணை மூடு.
இருபத்துமூன்று ஓடிப்போச்சு அத்தை என்றாள்.

வலக்கையால் எழுதுகிறவள்,
இடக்கண்ணால் பார்க்கிறவள்.
இந்த முகத்துக்கு எத்தனை முறை பவுடர் பூசியிருப்பேன்.
எந்தக் கண் முதலில் என்னைப் பார்க்கிறதென்று
அளந்ததே இல்லை.

போல்ட் வலப்பக்கம்.
இடத்தோளுக்கென்றால் வேறு துப்பாக்கி,
வேறு விலை, வேறு விண்ணப்பம்,
அதே ஏட்டு.
இல்லையென்றால் இடக்கண்ணை மறைத்துப் பழகலாம்,
கொஞ்ச நாள் தலை வலிக்கும் என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.
சைத்ரா என் கைப்பையில் துழாவி
ஃபேக்டரி ஒட்டுச் சுருளை எடுத்தாள்.
பச்சையுமில்லை, சிவப்புமில்லை, மஞ்சள்:
இன்னொரு முறை பார்க்கவேண்டியவற்றுக்கு.
ஒரு துண்டு கிழித்து
கண்ணாடியின் இடச் சில்லில் ஒட்டிக்கொண்டாள்.

காலி அறையில் விசை தட்டினால்
அறை விளிம்பு நசுங்கும் என்று
அந்த வெற்று உறையையே உள்ளே வைத்தார் மருத்துவர்.
காலண்டர் மாட்டிய சுவருக்கு அப்பால்
பாறை மட்டும்தான், தெரிந்தே மாட்டியிருக்கிறார்.
யாரோ ஒருவருடைய வியர்வைமேல்
கன்னத்தை வைத்தாள்.
டிக்.

எனக்கு எதுவும் தெரியவில்லை,
அவள் மூச்சு விட்டது தவிர.
யாரும் சொல்லாமலே
போல்ட்டை இழுத்து, உறையை எடுத்து,
புது விளிம்புக்காகக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.