முக்கால் இஞ்சு ஜல்லி

பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
ஒண்ணேகால் சென்ட்.
அதில் செப்டிக் டேங்க், துணிக்கொடி,
பக்கத்து வீட்டு முருங்கை உதிர்க்கும் கம்பளிப்பூச்சி,
ஷைனியின் சக்கரம் கழன்ற சைக்கிள்.
அங்கேதான் மத்தியதரைக் கடலைக் கொண்டுவரப் போவதாக
கப்பலிலிருந்து வந்த மறுநாள் கிங்ஸ்லி சொன்னார்.

ஏழு மாதம் எஞ்சின் அறையில் இருந்த மனிதர்
கொஞ்சம் தூங்குவார் என்று நினைத்திருந்தேன்.
போனில் படம் காட்டினார்:
ஏதோ துறைமுகத்தின் மேட்டுத் தெரு,
நான்கு மணிநேரம்தான் கரையில் நின்றாராம்.
வெள்ளைச் சுவர். நீலக் கதவு. சரளைக்கல்.
ஒரு கிழவர் நாற்காலி போட்டு
எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்.
"தண்ணி ரொம்ப வேண்டாம் பாத்துக்கோ,
வெயில் போதும்."
வெயில்!
அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள் என்றேன்.

பேச்சிமுத்து கொத்தனார் ஜல்லி இறக்கினார், முக்கால் இஞ்சு.
"கல்லக் கொட்டிட்டுத் தோட்டம்ங்கியளே சார்வாள்."
சுவருக்குச் சுண்ணாம்பு.
மோட்டார் ரூம் கதவுக்கு நீல பெயின்ட்.
காருகுறிச்சியிலிருந்து லோடு ஆட்டோவில் பதினொரு தொட்டி,
சேரன்மகாதேவி வேகத்தடையில் பத்து.

ஒலிவங்கன்று பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தது.
சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்ட மரம்.
இலை இத்தனை சிறிதாக இருக்கும் என்று
யாரும் சொன்னதில்லை.
அவ்வளவு வெள்ளத்தில் அந்தப் புறா
இதை எப்படித்தான் கண்டுபிடித்ததோ.

ஆடிக் காற்று தொட்டிகளைத் தள்ளிப் பார்த்தது.
லாவெண்டரை மூன்று நாள் வீட்டுக்குள் வைத்தோம்,
ஃப்ரிட்ஜுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே.

பிறகொரு சாயங்காலம் கையை விரித்து அளந்தபடி,
"இந்த ஓரம் முழுக்க அரளி. அங்கே வீட்டுக்கு வீடு அதுதான்.
நம்ம நாலுவழிச் சாலை நடுவில் நிக்குதே, அதே செடி,
நாமதான் கவனிக்கல" என்றார்.
நான் ஜல்லியைக் காலால் நிரவிக்கொண்டிருந்தேன்.

தங்கபுஷ்பம் சித்தி அரைத்தது மஞ்சள் அரளி.
இவர் சொல்வது சிவப்பு; வேறு செடி; தெரியும்.
அந்த அம்மியை யாரும் கழுவவில்லை.
வேலிக்கு வெளியே கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்,
மழையில் அது தானாகச் சுத்தமாகும் வரை
நான் சுற்றுவழியாகவே பள்ளிக்கூடம் போனேன்.

"அரளி வேண்டாம்."

ஏன் என்று கேட்கவில்லை.
பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை
சித்தியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்,
சாட்டிலைட் போனில், நடுராத்திரி.
பாதியில் லைன் அறுந்துபோனது.
எதுவரை கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் அந்த ஓரத்தில் மூன்று மாதுளங்கன்று நின்றது.

ஐப்பசியில் அவர் கப்பலேறினார்.
அடுத்த வாரமே அடைமழை.
லாவெண்டர் ஆறும் அழுகின.
"வாசம் எப்படி இருக்கு?" என்று கேட்டு அனுப்பினார்.
"நல்லா இருக்கு" என்றேன்;
காலித் தொட்டிகளில் கற்பூரவல்லி ஒடித்து நட்டிருந்தேன்,
ஆகவே முழுப் பொய்யில்லை.
ரோஸ்மேரியை ஆட்டுக்கறியில் போட்டுப் பார்த்தேன்.
ஷைனி தட்டைத் தள்ளிவிட்டாள்.
ஒலிவம் சாகவும் இல்லை, வளரவும் இல்லை.
எங்கள் கருவூல அலுவலகத்தில் இப்படி நாலு பேர் உண்டு.

இப்போதெல்லாம் ஐந்தரைக்கு வந்ததும்
செருப்பைக் கழற்றாமல் பின்னால் போய்விடுகிறேன்.
செப்டிக் டேங்க் மூடிமேல் பிளாஸ்டிக் நாற்காலி.
பாக்கிப் பணம் கேட்டு வந்த பேச்சிமுத்து
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
"என்னம்மா, சும்மா இருக்கிய?" என்றார்.
"ஆமா, சும்மாதான்."
அவரும் ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.
பாக்கியைக் கேட்க மறந்தே போய்விட்டார்.

தை மாதம் ஒரு மதியம் செய்தி வந்தது.
"சூயஸ் தாண்டியாச்சு. அந்தக் கடல்தான்.
ஒரே மழை, பல்லு கிட்டுது. அங்கே எப்படி?"
எழுந்து நின்று பார்த்தேன்.
கொடியில் காய்கிற அவருடைய பழைய பாய்லர் சூட்,
கண்கூசும் சுவர், ஜல்லிக்குள் புதைந்த டென்னிஸ் பந்து.
"வெயில்" என்று மட்டும் அனுப்பினேன்.

நடுக் கன்றில் ஒரு பூ விட்டிருந்தது.
அதைப் படமெடுத்தேன்.
அனுப்பவில்லை.