டிசம்பர் இருபத்தொன்பது

என் ஐம்பதாவது பிறந்தநாள்
போன வருடம் முடிய மூன்று நாள் இருக்கையில்
ஓடிவந்து ஏறிக்கொண்டது.
"அதிர்ஷ்டக்காரி" என்கிறான் ஃபின்டன் ஹெராட்டி,
கேரிக்கில், பந்தயக் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் கணக்குகளைப் பார்ப்பவன்.
வருடத்தில் ஒரே ஒரு நாள் ஐம்பது என்றாலும்
வரிக்காரர்களுக்கு வருடம் முழுக்க ஐம்பதாம்.
சம்பாதித்ததில் கால் பங்குவரைதான்
ஓய்வூதியத்தில் போட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது
முப்பது சதவீதமாகிவிட்டதாம்.

அறுபதில் நாற்பது.
முழங்கால் தேயத் தேய
சேமிக்கும் அனுமதி வளர்கிறது.
சட்டம் எழுதியவருக்கு
என்னைப்போல் நேரங்கழித்து விழித்த
ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும்.

நான் முடி வெட்டுகிறவள்.
லீட்ரிம் முழுக்க முதியோர் இல்லங்களுக்கு
வண்டியில் கத்தரியோடு போகிறவள்.
தலைக்குப் பதினெட்டு யூரோ.
படிவத்தில் முதலாளியின் பங்கு என்றொரு கட்டம்.
அதையும் நான்தான் வெறுமையாய் விட்டேன்.

வரம்பு ஏழாயிரத்து இருநூறு.
கையில் இருந்தது ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு:
அறுபத்துநான்கு தலை.
அதில் ஏறக்குறைய பதின்மூன்று தலையை
அரசாங்கமே வெட்டித் தருகிறது என்றேன்.
ஃபின்டன் சிரிக்கவில்லை.
"மன்னிப்பு இல்லை டிம்ப்னா, தவணை.
எடுக்கும்போது மறுபடி வருவார்கள்.
சமூகக் காப்பீட்டுக்காரர்களோ
இப்போதே வந்து போயாயிற்று."

வெள்ளிக்கிழமைகளில் திருமதி டியர்னன்
பென்ஷன் வந்த பர்ஸைத் திறந்து
எனக்கு இரண்டு யூரோ கூடுதலாகத் தருவாள்.
தொண்ணூற்றொன்று வயது. பஞ்சுபோல் முடி.
வெட்ட ஒன்றுமில்லை,
காற்றில் கத்தரியைச் சத்தப்படுத்துகிறேன்.
அவளுக்கும் தெரியும்.
அந்த இரண்டையும் வருமானத்தில் எழுது என்கிறான் ஃபின்டன்.
எழுதினேன்.

அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள்.
இணையத்தில் கட்டினால்
நவம்பர் பாதிவரை இழுக்கலாம் என்றான்.
என்னைப்பற்றி எனக்குத் தெரியும்.
அன்று மாலை சமையலறை மேசையில்
'செலுத்து' என்ற பொத்தானை அழுத்திவிட்டு
சுற்றிக்கொண்டேயிருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி இருந்தபோது
கதவு தட்டப்பட்டது.

பேய் வேஷத்தில் நாலு பேர்.
ஐந்தாவதாக, பஞ்சு ஒட்டிய தலையும்
தலையணை செருகிய கூனுமாய்
ஆறு வயதுக் கிழவி.
என் கை தானாகப் போய்
அவள் நெற்றி முடியைச் சரிசெய்தது.
மிட்டாய்க் கிண்ணத்தை நீட்டி
எத்தனை வேண்டும் என்றேன்.

எத்தனைவரை எடுக்கலாம்
என்று கேட்டாள்.