படகின் பெயர், நாற்பது எழுத்துக்குள்

மீன்வளத் துறை அலுவலகம், கடலூர் முதுநகர்.
மூன்றாவது மேசை, முனகும் மின்விசிறிக்கு நேர் கீழே
நான்.
என் வேலை பெயர்களைத் தட்டச்சு செய்வது.
அங்காளம்மன் துணை, ஆரோக்கிய மாதா, கடல் ராணி,
மறுபடி அங்காளம்மன் துணை. அதிலேயே
இரண்டு, மூன்று, நான்கு.

அந்த வைகாசியில்
தடைக்காலம் முடிய ஒன்பது நாள் இருக்க
தேவனாம்பட்டினத்திலிருந்து நாலு பையன்கள்.
ஃபைபர் படகு, முப்பத்திரண்டு அடி.
பெயர்?
உருட்டு.
நிமிர்ந்து பார்த்தேன்.
"உருட்டுதாக்கா. சின்ன ரு."

பின்னால் நின்ற அஞ்சலாட்சி,
தேசப்பனின் அம்மா, நகையை அடகு வைத்தவள்,
தலையில் அடித்துக்கொண்டாள்:
கடலுக்குப் போறதுக்கு உருட்டுன்னா பேர் வைப்பான் ஒருத்தன்?
அது காதுல விழுந்து
ஏவலா எடுத்துக்கிட்டா?

தேசப்பன் சொன்னான்:
படகு வாங்கப் போறோம்னு குரூப்புல போட்டோம்.
அறுபத்தேழு பேரு. அறுபத்தேழு உருட்டு.
இப்ப வந்து தொட்டுப் பார்க்கட்டும்.

தடுக்க விதி எதுவும் இல்லை.
கணக்கை மட்டும் சொன்னேன்:
படகு பதினைந்து வருஷம் ஓடும்,
இந்தச் சொல் அடுத்த பொங்கலைத் தாண்டாது.
மாற்ற வேண்டுமானால் மறுபடி மனு, மறுபடி கட்டணம், மறுபடி நான்.
சிரித்தார்கள். தட்டினேன்.

எனக்கும் அப்போது ஒரு சொல் இருந்தது. க்ரிஞ்ச்.
திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் உட்கார்ந்து
ஒருவன் ஏதோ நீளமாக எழுதி அனுப்பினான்.
நான் திருப்பி அனுப்பியது அந்த ஒரு சொல்.
போன வாரம் தேடி எடுத்துப் படித்தேன்.
அவன் எழுதியது இன்னும் புரிகிறது.
என் பதில்தான் புரியவில்லை.

மாலையில் அலமாரியைப் பூட்டுகிறேன்.
சாவி கப்பலில் வந்து இறங்கிய சொல்.
அலமாரியும். ஜன்னலும்.
உப்பேறிய வாயோடு எவனோ ஒரு மாலுமி
கையை நீட்டிக் கேட்டிருப்பான்.
எத்தனை வருஷத்துக்கு என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.
கூட வந்த மற்றவை?
வசவுகள், கேலிகள்,
அந்த ஒரு வருஷம் மட்டும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவை?
உப்பனாற்றுச் சேற்றைத் துழாவினாலும் கிடைக்காது.
பூட்ட வேண்டியிருந்தது;
சாவி தங்கிவிட்டது.

உருட்டு எந்த நாளில் செத்தது, தெரியாது.
"அதெல்லாம் இப்ப அங்கிளுங்கதான் சொல்றாங்க"
என்றான் என் தம்பி, நிமிராமல்.

அதற்கடுத்த கார்த்திகை.
வாடை முறுக்கிக்கொண்ட ராத்திரி.
கரை வராத படகுகளின் பட்டியல் என் திரையில்.
வயர்லெஸ்ஸில் ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்:
உருட்டு. உருட்டு. உருட்டு.
கரகரப்பு.
மறுபடி, உருட்டு.
அறையில் பதினொரு பேர்.
ஒருவர் உதடும் கோணவில்லை.
சுவரோரம் குந்தியிருந்த அஞ்சலாட்சி
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"உருட்டு வந்துரும்."

அதே சொல்லுக்குத்தான்
பொய் என்று பொருள் இருந்தது.

நாலு மணி சுமாருக்கு,
பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியதாகச் செய்தி.
பட்டியலில் ஒரு வரியை அழித்தேன்.

ஏலம் எடுக்கும் பெண்கள் இப்போது கேட்கிறார்கள்:
உருட்டு வந்துடுச்சா, என்ன மீனு?
அந்தத் தெருக் குழந்தைகளுக்கு உருட்டு என்றால்
நீலமும் மஞ்சளுமாய் முப்பத்திரண்டு அடி.
வேறு அர்த்தம் உண்டா என்றால் விழிக்கும்.
இதை நிலைத்தது என்பதா?
இரண்டு தெரு, ஒரு கடல், படகு மக்கும் வரை.
சாவியும் இப்படித்தான் தொடங்கியதோ என்னவோ.

இன்று இரண்டு பேர், சோனாங்குப்பம்.
பெயரைச் சொன்னார்கள்.
அப்படி ஒரு சொல்லைக் கேட்டதே இல்லை நான்.
தம்பியிடம் கேட்கலாம்; அவனுக்கும் வயதாகிவிட்டது,
இருபத்து மூன்று.

பொருள் கேட்கவில்லை.
குறிலா நெடிலா என்று மட்டும் கேட்டேன்.