ரிவர்ஸ்

சாப்டூர் தாண்டி
தார் முடிந்த இடத்தில்
நாலு சக்கர கியரைப் போட்டார் தனுஷ்கோடி.
தாலி கட்டும்போது இல்லாத கவனம்
அந்தக் கையில்.

ஓடைக்கல்லில் அடிவயிறு உரசியது ஜீப்.
பின்சீட்டில் புளியோதரைத் தூக்கு
மூன்று தடவை கூரையைப் பார்த்துவிட்டு வந்தது.
"இன்னொரு வாட்டிப்பா" என்றாள் கயல்.

மூங்கில் திருப்பத்தில்
பாதை நடுவே லத்தி.
ஆவி பறந்துகொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்தார்.
உள்ளே எங்கோ ஒரு கிளை முறிந்தது,
அவசரமே இல்லாமல்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும்
முன்னே போக மட்டுமே தெரிந்த மனிதர்
என் முகத்தைப் பார்த்தார்.
இறங்கினேன்.
நான் கை காட்டக் காட்ட
முந்நூறு அடி
பின்னாலேயே வந்தது வண்டி.

பேரையூர் டீக்கடையில்தான்
எல்லோருக்கும் குரல் திரும்பியது.
நாங்கள் பார்க்காத அந்த யானைக்கு
கயல் சொல்லச் சொல்ல
இரண்டு தந்தம் முளைத்துவிட்டது.